கல்யாண வேலையை யாரிடம், எப்படி ஒப்படைப்பது? முதல்முறை திட்டமிடுகிறவர்களுக்கு

என் தங்கையின் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். மேடையில் நிற்கிற எல்லோர் முகத்திலும் ஊதா நிறம் படிந்திருக்கும். பாட்டி தங்கையைக் கட்டிக்கொண்டு அழுகிற படம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய சொத்து இல்லை. அதிலும் பாட்டியின் கன்னம் ஊதாதான். அலங்காரம் செய்தவர் கைத்திறன் உள்ளவர். போட்டோ எடுத்தவர் கெட்டிக்காரர். லைட் போட்டவரும் சொன்ன நிறத்தைத்தான் போட்டார். ஆனால் மூன்று பேரும் கல்யாணத்துக்கு முன்னால் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பேச வைக்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் உறவிலும் நட்பிலும் ஏழெட்டுக் கல்யாணங்களுக்கு முன்னின்று வேலை பார்த்துவிட்டேன். ஒரு கல்யாணம் பாந்தமாக அமைவதற்கும் அதில் குவித்த பொருளுக்கும் அதிகத் தொடர்பு கிடையாது. சில முடிவுகளைச் சீக்கிரம் எடுத்து, நம்பகமான சிலரிடம் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் அன்றைக்கு வீட்டார் முடிவெடுக்க எதுவும் மிச்சம் இருக்காது. அந்த நிம்மதி அவர்கள் முகத்திலேயே தெரியும்.

ஆள் கணக்கும் பணக் கணக்கும்

மண்டபம் பார்க்கக் கிளம்புவதற்கு முன் விருந்தினர் பட்டியலைப் பெயர் பெயராக எழுதுங்கள். "ஒரு நானூறு பேர் வருவாங்க" என்று வாயால் சொல்வது பட்டியல் ஆகாது. கட்டாயம் வருவார்கள், வரலாம், அழைக்கிறோம் ஆனால் வருவது கடினம் என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் உண்மையான எண்ணிக்கை தெரிந்துவிடும். நாற்காலி, சாப்பாடு, வண்டி நிறுத்தும் இடம், கழிப்பறை என்று எல்லாமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 400 பேர் வருகிறார்கள், சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தடவைக்கு 100 பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டு எழுந்து, மேசை துடைத்து, அடுத்தவர்கள் உட்கார 40 நிமிடம் ஆகும் என்றால், நான்கு சுற்றுக்கு 160 நிமிடம். இரண்டே முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால் பெரிய கூடம் பாருங்கள், இல்லை பட்டியலைச் சுருக்குங்கள். இந்தக் கணக்கைப் போடாத கல்யாணங்களில்தான் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நிற்கிறார்.

பணத்துக்கும் இதே போல மொத்தத் தொகையை முதலில் எழுதுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மீதிதான் நம்மிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கடைசி வாரத்தில் ஏதாவது ஒன்று கட்டாயம் கிளம்பும். அந்தப் பத்தில் ஒரு பங்கு அதற்குத்தான்.

அப்புறம், மணமக்கள், இரு வீட்டுப் பெற்றோர் எல்லோரும் தனித்தனியாக ஒரு காகிதத்தில் தங்களுக்கு மிக முக்கியமான மூன்று விஷயங்களை எழுதட்டும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதக் கூடாது. ஒருவருக்குப் போட்டோ, இன்னொருவருக்குச் சாப்பாடு, வேறொருவருக்கு வயதானவர்கள் வசதியாக உட்கார இடம் என்று வரும். பணத்தை அங்கே போடுங்கள். யாருடைய காகிதத்திலும் வராத விஷயத்துக்குக் குறைவாகச் செலவழித்தால் யாருக்கும் மனக்குறை வராது.

நிறங்களையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். வீட்டு உள்அலங்காரக்காரர்கள் 60-30-10 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பெரும்பகுதி ஒரு நிறம், அதில் பாதியளவு துணை நிறம், மிச்சம் கொஞ்சம் எடுப்பான நிறம். கல்யாண மேடைக்கும் அது அப்படியே பொருந்தும். அழைப்பிதழ், பூ, திரைச்சீலை, மேசை விரிப்பு எல்லாம் அந்த மூன்று நிறத்துக்குள் இருந்தாலே பாதி நேர்த்தி வந்துவிடும்.

மண்டபம் பார்க்கப் போகும்போது

விழா நடக்கப்போகிற அதே நேரத்தில் போங்கள். காலை விழாவென்றால் காலையில், மாலை விழாவென்றால் மாலையில். மேடையில் ஒருவரை நிற்க வைத்து, பார்வையாளர் பக்கத்திலிருந்து போனில் ஒரு படம் எடுங்கள். மேடைக்குப் பின்னால் பெரிய ஜன்னல் இருந்தால் பகல் வெளிச்சத்தில் முகம் இருட்டாகத்தான் விழும். எடுத்த எடுப்பிலேயே இது தெரிந்துவிட்டால் கனமான திரை போடச் சொல்லலாம்.

வாசலிலிருந்து மேடை வரைக்கும், அங்கிருந்து கழிப்பறை வரைக்கும், முழங்கால் வலி உள்ள ஒருவர் நடப்பதுபோல மெதுவாக நடந்து பாருங்கள். எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, சக்கர நாற்காலி போகுமா என்பதெல்லாம் அந்த நடையில் தெரியும். அவசர வழிக் கதவுகள் எங்கே என்று பார்த்து, அலங்காரம் எதுவும் அவற்றை மறைக்கக் கூடாது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

"ஜெனரேட்டர் இருக்கு" என்றால் அதோடு விடாதீர்கள். எத்தனை கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) என்று கேட்டு, அந்த எண்ணை 0.8ஆல் பெருக்குங்கள். பெரும்பாலான ஜெனரேட்டர்களுக்கு அதுதான் கிலோவாட் கணக்கு. 62.5 கேவிஏ என்றால் 50 கிலோவாட். ஏசி, சமையலறை, லைட், சவுண்ட் எல்லாம் அதில் ஓடுமா, விளக்கும் மின்விசிறியும் மட்டும்தானா என்று தெரிந்துகொண்டு, அலங்காரக்காரரிடமும் சவுண்ட் ஆட்களிடமும் அந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள். முந்தைய விழா எப்போது முடியும், நம் ஆட்கள் எத்தனை மணிக்கு உள்ளே வரலாம், வெளி ஆட்களைக் கூட்டி வர அனுமதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் பேரம் பேச நம் கையில் எதுவும் இருக்காது.

நம்பகமான ஆளைக் கண்டுபிடிப்பது

ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பேரிடம் பேசுங்கள். அதற்கு மேல் போனால் யார் என்ன சொன்னார் என்பதே குழம்பிவிடும். மூவருக்கும் ஒரே பட்டியலைக் கொடுங்கள்: தேதி, நேரம், இடம், ஆள் எண்ணிக்கை, என்னென்ன வேண்டும். வெவ்வேறு பட்டியலுக்கு வந்த தொகைகளை ஒப்பிட வழியில்லை. ஒருவர் மட்டும் மிகக் குறைவாகச் சொன்னால் எதைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார் என்று கேளுங்கள். வண்டி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, விழா முடிந்து பிரித்து எடுக்கும் கூலி, வரி ஆகியவைதான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

போட்டோகிராபர் காட்டும் அழகான முப்பது படங்கள் முப்பது கல்யாணங்களிலிருந்து பொறுக்கியவையாக இருக்கலாம். ஒரே ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பத்தை, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை காட்டச் சொல்லுங்கள். மங்கலான சாப்பாட்டுக் கூடத்தில் எடுத்த படம் எப்படி இருக்கிறது, முப்பது பேர் நிற்கும் குடும்பப் படத்தில் எல்லோருடைய கண்ணும் திறந்திருக்கிறதா, ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர்களைக் கவனித்து எடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். திறமை அங்கேதான் தெரியும். அலங்காரக்காரரிடமும் அப்படித்தான்: மேடையை நேராக நின்று எடுத்த படம் போதாது, பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்ததைக் கேளுங்கள்.

சமீபத்தில் வேலை செய்து கொடுத்த மூன்று வீட்டாரின் தொடர்பைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள். "நல்லா பண்ணாரா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். நான் கேட்கும் கேள்விகள் மூன்று. எத்தனை மணிக்கு வருவதாகச் சொன்னார், எத்தனை மணிக்கு வந்தார்? முதலில் சொன்ன தொகைக்கும் கடைசி பில்லுக்கும் எவ்வளவு வித்தியாசம்? அன்றைக்கு ஏதாவது சொதப்பியபோது என்ன செய்தார்? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறேன்.

அதே கேள்வியை வேலை எடுக்க வருகிறவர்களிடமும் நேரடியாகக் கேட்பேன். "எங்ககிட்ட தப்பே நடக்காது" என்பவரை விட்டுவிடுவேன். ஒரு சமையல் காண்ட்ராக்டர் கொஞ்சம் தயங்கிவிட்டு, ஒரு விழாவில் பாதிச் சமையலில் கேஸ் ரெகுலேட்டர் பழுதாகி அரை மணி நேரம் தாமதமான கதையைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் வண்டியைத் திறந்து காட்டினார். ஒரு டப்பாவில் இரண்டு ரெகுலேட்டர், ஒரு பர்னர், ரப்பர் குழாய் எல்லாம் துணியில் சுற்றி வைத்திருந்தார். அந்த டப்பாவைப் பார்த்ததும் அவரையே பேசி முடித்தோம்.

நம்மிடம் பேசுகிறவரும் அன்றைக்கு வருகிறவரும் ஒருவர்தானா என்று கட்டாயம் கேளுங்கள். சீசனில் ஒரே நாளில் நான்கு இடத்துக்கு ஒப்புக்கொண்டு ஆள் அனுப்புகிறவர்கள் உண்டு. அனுப்புவதில் தவறில்லை, யார் வருகிறார், அவர் எடுத்த படங்கள் எங்கே என்று நமக்குத் தெரிய வேண்டும்.

முடிந்தால் அவர்கள் வேறோர் இடத்தில் வேலை செய்யும்போது அரை மணி நேரம் போய் நின்று பாருங்கள். தரையில் ஓடும் வயர்களை டேப் போட்டு ஒட்டுகிறார்களா, தங்கள் ஆட்களிடம் எப்படிப் பேசுகிறார்கள், குப்பையை எங்கே போடுகிறார்கள் என்பதெல்லாம் அரை மணியில் தெரிந்துவிடும். நாம் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறவரைவிட, "இந்தக் கூரை உயரத்துக்கு அது எடுபடாது, வேற ஒண்ணு சொல்றேன்" என்று மறுத்துப் பேசுகிறவரை நம்பலாம். அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் மற்ற வேலைகளுக்கு அவரிடமே ஆள் கேளுங்கள். யார் நேரத்துக்கு வருவார், யார் கடைசி நேரத்தில் போனை எடுக்கமாட்டார் என்பது அவர்களுக்குள் நன்றாகவே தெரியும்.

எழுதி வாங்குங்கள்

சொந்தக்காரர் மூலம் வந்தவராக இருந்தாலும் எழுதி வாங்குங்கள். அதை அவமரியாதையாக நினைக்க வேண்டாம்; நல்ல வெண்டர்கள் தாங்களாகவே எழுதித் தருவார்கள். எத்தனை மணிக்கு வருவார்கள், எத்தனை மணி வரை இருப்பார்கள், அதற்கு மேல் போனால் மணிக்கு எவ்வளவு, எத்தனை ஆட்கள், என்னென்ன பொருள், வருகிறவர் உடம்பு சரியில்லாமல் போனால் மாற்று யார், தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். "பூ அலங்காரம்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பூ, எங்கெங்கே, அந்தப் பூ கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் எது என்றும் எழுதச் சொல்லுங்கள்.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுப்பது நல்லது: பேசி முடிக்கும்போது கொஞ்சம், தேதி நெருங்கும்போது கொஞ்சம், வேலை முடிந்த பிறகு மீதி. போட்டோவுக்கும் வீடியோவுக்கும் ஒரு பகுதியை ஆல்பம் கைக்கு வரும்வரை நிறுத்திவைக்கலாம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வங்கி வழியாகக் கொடுத்தால் பதிவு இருக்கும். கையில் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். மண்டபச் சாவியை வாங்கும்போது சுவர், தரை, நாற்காலி எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டெபாசிட் திரும்ப வாங்கும்போது அது பேசும்.

எல்லோரையும் ஒரு தடவை சேர்த்து உட்கார வையுங்கள்

பாட்டியின் ஊதாக் கன்னம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். விழாவுக்கு மூன்று நான்கு வாரம் முன்னால் அலங்காரம், லைட், சவுண்ட், போட்டோ, சாப்பாடு ஆகிய ஐந்து பேரையும் மண்டபத்துக்கே வரவழைத்து ஒரு மணி நேரம் பேச வையுங்கள். வர முடியாதவர் வீடியோ காலில் சேரட்டும்.

முதலில் லைட். வெளிச்சத்தில் மஞ்சள் சாயலா, நீலச் சாயலா என்பதை நிறவெப்பம் என்று கெல்வின் கணக்கில் சொல்வார்கள். மஞ்சள் சாயலுள்ள விளக்குக்கு அது 3000 கெல்வின் அளவில் இருக்கும். பகல் வெளிச்சம் 5500 கெல்வின் பக்கம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் கேமரா ஒன்றுக்குத்தான் சரிசெய்துகொள்ளும். மற்றது ஆரஞ்சாகவோ நீலமாகவோ தெரியும். ஊதாவும் நீலமும் உமிழும் எல்இடி முகத்தில் விழுந்துவிட்டால் பிறகு கம்ப்யூட்டரில் திருத்தினாலும் தோலின் இயல்பான நிறம் முழுதாகத் திரும்பி வராது. அதனால் கலர் லைட் பின்சுவருக்கும் கூரைக்கும் மட்டும், மேடையில் நிற்பவர்கள் முகத்துக்கு ஒரே வகை வெள்ளை வெளிச்சம், முக்கியமான நிமிடங்களில் சுழலும் விளக்குகள் அணைந்திருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்யுங்கள். எந்தெந்த நிமிடங்கள் என்று போட்டோகிராபரும் லைட்காரரும் ஒரே தாளில் குறித்துக்கொள்ளட்டும்.

வீடியோகாரருக்கு சவுண்ட் மிக்சரிலிருந்து நேரடியாக ஒரு லைன் வேண்டும் என்பதும் இங்கேதான் பேச வேண்டியது. இல்லாவிட்டால் மேடையில் பேசியது வீடியோவில் எதிரொலியாகத்தான் கேட்கும். ஸ்பீக்கரை வயதானவர்கள் உட்காரும் வரிசைக்கு நேரே வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பூவையும் பழக்கூடையையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். பூ சீக்கிரம் வாடிவிடும். சாப்பாட்டில் நேரம்தான் முக்கியம். சமைத்த உணவைச் சாதாரண அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. "எத்தனை மணிக்குச் சமைத்து முடிப்பீர்கள், எத்தனை மணிக்குப் பரிமாறத் தொடங்குவீர்கள், நடுவில் எதில் வைத்திருப்பீர்கள்?" என்று கேளுங்கள். யார் யாருக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்ற பட்டியலையும் அன்றே கொடுங்கள்.

நேர அட்டவணையும் ஒரு பொறுப்பாளரும்

அட்டவணையைப் பின்னாலிருந்து முன்னால் போடுங்கள். முக்கிய நிகழ்ச்சி 10 மணிக்கு என்றால், மணமகள் 9 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். மேக்கப்புக்கு இரண்டரை மணி நேரம் என்றால் 6:30க்குத் தொடங்க வேண்டும். அதே மேக்கப்காரர் அம்மா, அக்கா, தோழிகள் என்று இன்னும் நான்கு பேருக்கு ஆளுக்கு 45 நிமிடம் போட வேண்டுமென்றால் கூடுதலாக 3 மணி நேரம். அதாவது 3:30க்கே தொடங்க வேண்டும். ஒருவரால் முடியாது, உதவியாளரோடு வரச் சொல்ல வேண்டும் என்பது அட்டவணை போட்டால்தான் தெரிகிறது. மேக்கப் சோதனை பார்க்கும் நாளில், விழா நடக்கும் நேரத்து வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இடையில் 15 நிமிடம் சும்மா விடுங்கள்.

ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் நேரம், வேலை, செய்கிறவர், போன் எண் இருக்கட்டும். எல்லா வெண்டருக்கும் அதே தாள் போகட்டும்.

வெண்டர்கள் போன் செய்ய ஒரே ஒரு ஆள் வேண்டும். அவர் மணமக்களோ பெற்றோரோ உடன்பிறந்தவரோ ஆகக் கூடாது. ஒரு கல்யாணத்தில் விடிகாலை 4 மணிக்குப் பூ வண்டி வந்து நிற்கிறது, வாசல் பூட்டியிருக்கிறது, காவலாளியிடம் சாவி இல்லை. மாப்பிள்ளையின் தம்பி பாதிச் சட்டை போட்டபடி, ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு, மறுகையால் கேட்டைத் தட்டிக்கொண்டு நின்றான். சாவி வர ஐம்பது நிமிடம் ஆனது. அன்று முழுக்க அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. அவன் அண்ணன் கல்யாணம் அது. அதிலிருந்து சாவி யாரிடம் என்பதைத்தான் அட்டவணையின் முதல் வரியில் எழுதுகிறேன். பொறுப்பாளராக நிதானமான ஒரு நண்பரையோ, கூலி கொடுத்து ஒரு ஒருங்கிணைப்பாளரையோ போடுங்கள். சின்ன விஷயங்களில் அவரே முடிவெடுக்கலாம் என்றும், இவ்வளவு தொகை வரை கேட்காமலே செலவழிக்கலாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெண்டர்களுக்குக் கொடுக்க வேண்டிய மீதித் தொகையைப் பெயர் எழுதிய உறைகளில் போட்டு அவரிடம் கொடுங்கள்.

வேலைக்கு வருகிறவர்களின் சாப்பாட்டையும் எண்ணிக்கையில் சேருங்கள். பத்துப் பதினைந்து பேர் விடிகாலையிலிருந்து நின்றுகொண்டிருப்பார்கள். எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்பதும் அட்டவணையில் ஒரு வரியாக இருக்கட்டும்.

விழா முடிந்த பிறகு

வாடகைப் பொருட்களை எண்ணித் திருப்பிக் கொடுக்க ஓர் ஆளை முன்பே சொல்லி வையுங்கள். நன்றாக வேலை செய்தவர்களைக் கூப்பிட்டு நன்றி சொல்லுங்கள். அடுத்த முறை அவர்களைப் பற்றி யாராவது விசாரிக்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். உங்களுக்கும் யாரோ அப்படிச் சொல்லித்தானே நல்ல ஆள் கிடைத்தார்.

போட்டோ விஷயத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். எடுக்கும்போதே இரண்டு மெமரி கார்டில் பதிவாகும் கேமராவா என்று பேசி முடிக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். கைக்கு வந்ததும் 3-2-1 என்ற கணக்கில் வையுங்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று கிளவுடில் இருக்கலாம். போட்டோகிராபர் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுக்கும்போது அவரை உட்கார வைத்து, அவர் முன்னாலேயே தொடக்கத்தில் நான்கு படம், நடுவில் நான்கு, கடைசியில் நான்கு திறந்து பாருங்கள். வீடியோவைச் சத்தத்தோடு ஓடவிட்டுப் பாருங்கள். எல்லாம் திறக்கிறது என்று உறுதியான பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.